நாய் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

இவர் கண்ணாடி முன்னால் நின்று குளோஸ் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மே மாதம். ஃபேன் சுற்றினாலும் அனல்தான் வந்தது. மாட்டுங்காவில் அந்த வேளையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற ஒரே மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருந்திருப்பார்.

"ஏன்னா, நாயைப் பார்க்கப் போறதுக்குக் கோட்டு எதுக்கு?" என்றேன்.

"முதல் முதல்ல ஒருத்தர் ஆத்துக்குப் போறோம். ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதை நாய்க்கா, நாயோட சொந்தக்காராளுக்கா?" என்று உள்ளேயிருந்து லலிதாவின் குரல் வந்தது.

லலிதா இவருடைய தங்கை. தாய் தகப்பன் போனபிறகு இவர்தான் அவளை வளர்த்தார், படிக்கவைத்தார், ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டார். எங்கள் பெரியவன் பிறப்பதற்கு முந்தைய காலம் அது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

இவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் நாலரைக்கு மேலதான். அதுக்குள்ள பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். சொன்னவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் லலிதாவுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டோம்.

ஃபில்டர் போன கதை

நாய் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னல் பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்திருக்கும். ஒரு விடியற்காலை எவனோ கம்பியில் கொக்கி கட்டி ஜன்னல் வழியாக நீட்டி, மேடைமேல் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டான். பித்தளைச் செம்பு போயிற்று, எவர்சில்வர் தட்டு போயிற்று. அதெல்லாம் இவர் பொறுத்துக்கொண்டார். காப்பி ஃபில்டரும் போய்விட்டது என்று நான் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிலும் முதல் நாள் ராத்திரி இறக்கிவைத்த டிகாக்‌ஷனோடு போயிருந்தது.

"திருட்டுப் பயல், டிகாக்‌ஷனையாவது கொட்டி வெச்சுட்டுப் போயிருக்கப்படாதோ" என்றார். என் கல்யாணப் புடைவை போயிருந்தால்கூட அப்படி மனசொடிந்து பேசியிருக்கமாட்டார்.

அன்றைக்கே நாய் வளர்ப்பது என்று தீர்மானமாகிவிட்டது. இவர் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு பார்ஸி. அவர், "விலை கொடுத்து எதற்கு வாங்குகிறீர்கள்? செம்பூரில் என் சித்தி இருக்கிறாள். அடிபட்டதும் சொறி பிடித்ததுமாகத் தெருநாய்களைத் தூக்கிவந்து தேற்றிவிடுவாள். இப்போது பங்களாவை விற்றுவிட்டுப் பூனாவுக்குத் தம்பி வீட்டோடு போகப்போகிறாள். மிச்சம் இருக்கிற நாய்களுக்கு நல்ல வீடாகத் தேடுகிறாள்" என்றாராம்.

எங்களுக்கு எப்படிப்பட்ட நாய் ஒத்துவரும் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் யோசித்தார். மரக்கறி சாப்பிட வேண்டும். முடி கொட்டக் கூடாது. திருடனைப் பார்த்தால் குரைக்க வேண்டும், பால்காரனைப் பார்த்தால் குரைக்கக் கூடாது. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். ரொம்பச் சின்னதும் வேண்டாம், வயசானதும் வேண்டாம்.

"இத்தனை பொருத்தத்தோட மாப்பிள்ளைகூடக் கிடைக்கமாட்டான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

லலிதா ரசம் விட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலையோடு பிசைந்து சாப்பிட்டாள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

லட்டர் வராத வீடு

லலிதாவைப் பெண் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் கட்டடத்தில் மாடியில் இருந்த மாமிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அடுப்பில் நெய்யில் ரவை வறுபடுகிற வாசனை வந்தால், "இன்னிக்கு எந்த ஊர்க்காரா?" என்று மேலேயிருந்தே கேட்பாள்.

லலிதா நல்ல உயரம். நிறம் கறுப்பு. இவர் ஜாதகத்தோடு அனுப்புகிற கடிதத்தில் மாநிறம் என்று எழுதுவார். வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் முதலில் அந்த மாநிறத்தைத் தேடுவார்கள். பிறகு சொஜ்ஜியைச் சாப்பிடுவார்கள். பாடச் சொல்வார்கள். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்ப்பார்கள். ஒரு அம்மாள் பின்னலை இழுத்துப் பார்த்தாள். சவுரிமுடியோ என்று சந்தேகம்.

எல்லாம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபிறகு ஒரு வாக்கியம் சொல்வார்கள் பாருங்கள், "ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிட்டு லட்டர் போடறோம்." பம்பாயிலேயே இருக்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். நாலு தெரு தள்ளி கிங்ஸ் சர்க்கிளில் இருந்து வந்த ஒரு குடும்பமும் இதையே சொல்லிவிட்டுப் போயிற்று. லட்டர் வராது. நாலைந்து நாளைக்கு இவர் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்பார். லலிதா தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விடுவாள்.

இதில் ஒரு வேடிக்கை, என்னைப் பார்க்க வந்தபோது இவரும் அதையேதான் சொன்னார். ஆனால் லட்டர் போட்டார். "தங்கள் இல்லத்திற்கு நாங்கள் வந்தது தொடர்பாக" என்று ஆரம்பித்திருந்தது. கடைசி வரி வரைக்கும் வந்த பிறகுதான் சம்மதம் என்று புரிந்தது. என் அண்ணா அதை ஆபீஸ் சர்க்குலர் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டான். நல்லவேளை, நான் எடுத்துப் படித்தேன்.

செம்பூர் பங்களா

மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கினோம். அந்த நாளில் செம்பூரில் இத்தனை வீடு கிடையாது. மரமும் மதில்சுவருமாக இருக்கும். பங்களாவைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே டெட்டால் வாசனை வந்துவிட்டது.

கேட்டைத் திறந்தவர் அரை டிராயரும் முண்டாசுமாக இருந்த ஓர் ஆள். எங்களைப் பார்த்ததும், "தமிழா? நாய் பாக்க வந்திய, அப்படித்தான? வாங்க, வாங்க. பயப்படாதீய, ஒண்ணும் கடிக்காது" என்றார். பெயர் சுடலை. திருநெல்வேலிப் பக்கம். வீடு தாராவியில். தினமும் அங்கிருந்து வந்து இந்த நாய்களைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊற்றி, மருந்து போடுவது அவர் வேலை.

அந்த பார்ஸிக்காரரின் சித்தி ஷிரின்பாய் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். கட்டை குட்டையான அம்மாள், பூப்போட்ட கவுன், மூக்குநுனியில் கண்ணாடி. எங்களை உட்காரச் சொன்னாள். தட்டில் பிஸ்கட்டும் புதினா போட்ட டீயும் வந்தன. இவர் கோட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். லலிதா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு எங்கேயோ பார்த்த காட்சி போல இருந்தது, எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

மிச்சம் இருந்தது மூன்று நாய். ஷிரின்பாய்க்கு ராஜ வம்சத்தின்மேல் பிரியம். ஜார்ஜ், எட்வர்ட், மார்கரெட் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஜார்ஜ் குட்டி. வெள்ளையும் பழுப்புமாக, பார்த்தவுடன் தூக்கிக்கொள்ளத் தோன்றும். "அத நேத்தே ஒரு குஜராத்திக்காரர் பேசி முடிச்சிட்டாவ. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிருவாவ" என்றார் சுடலை. எட்வர்ட் அல்சேஷன் ஜாடையாக இருந்தான். கம்பீரம்தான், ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவன் திரும்பினால் நான் வெளியே நிற்க வேண்டும். அவனையும் தெருக்கோடியில் இருந்த ஒரு டாக்டர் கேட்டிருந்தார்.

மார்கரெட்டை சுடலை போய்த்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. கொய்யா மரத்தடியில் படுத்திருந்தாள். பழுப்பு நிறம், குண்டு, முன்கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. குட்டிப் பருவமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. சுடலை அவளை மாரி என்று கூப்பிட்டார். இரண்டு பெயருக்கும் ஒரே மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஷிரின்பாயோடு இங்கிலீஷிலும் சுடலையோடு தமிழிலுமாக விசாரணை நடந்தது.

"என்ன வயசிருக்கும்?"

"ஆறு, ஏழு இருக்கும்ங்க. பல்லப் பாத்தா தெரியும்."

"வியாதி வெக்கை ஏதாவது உண்டா?"

"லாரி அடிச்சுக் கெடந்துச்சு. இப்பம் ஒண்ணுமில்ல."

"சாத்வீகமா சாப்பிடுமோ? தயிர் சாதம்?"

"நல்லாத் திங்கும். மீனு கெடச்சா அதயும் திங்கும்."

"கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கோ, பார்ப்போம்."

சுடலை நடத்திக் காட்டினார். மாரி வராந்தா ஓரமாகத் தத்தித்தத்தி அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். இவர் கால்களைக் கவனித்தார்.

"குரைக்குமா?"

சுடலை தலையைச் சொறிந்தார். "அத மட்டும் கேக்காதீய. இது குரைக்காதுங்க. நானும் ரெண்டு வருசமா பாக்கேன், ஒரு சத்தம் கெடையாது."

"இவளை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லையா?" என்று நான் ஷிரின்பாயைக் கேட்டேன். அவள் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, பலபேர் வந்து பார்த்தார்கள் என்றாள்.

மிச்சத்தைச் சுடலைதான் மெதுவாகச் சொன்னார். "பூனாவுல இவங்க தம்பி வீட்ல நாய் ஆவாதும்மா. என் வீடு ஒத்த ரூம்பு, ஆறு பேரு கெடக்கோம். ஒண்ணாந் தேதி இந்த கேட்டப் பூட்டிருவாவ. அப்புறம் ரோட்டுலதான் நிக்கும். முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருவான்."

அந்த வண்டியை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

இவர் கெட்டவர் இல்லை. யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். படியிறங்கிச் செருப்பை மாட்டினார். மாட்டிக்கொண்டு, மிகப் பணிவாக, அழகான இங்கிலீஷில் சொன்னார்:

"வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு உங்களுக்குக் கடிதம் போடுகிறோம்."

அப்போதுதான் எனக்கு அந்தக் காட்சி பிடிபட்டது. நாற்காலி, தட்டு, டீ, நடக்கச் சொன்னது, எல்லாம். உடம்பு கூசிப்போய் லலிதாவைத் திரும்பிப் பார்த்தேன்.

லலிதா எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணா, வீட்ல இருக்கறது நாம மூணு பேர். மூணு பேரும் இங்கேதான் இருக்கோம். யாரோட கலந்து பேசப்போறே?"

"இல்லை லலிதா, நான் என்ன சொல்றேன்னா…"

"இத்தனை வருஷமா நான் அந்தப் பக்கம் உக்காந்து இதைக் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் உக்காந்து கேக்கறேன். எங்கே உக்காந்து கேட்டாலும் கேக்க நன்னா இல்லைண்ணா."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். இவர் முகம் கறுத்துச் சுருங்கிவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷம், எனக்கு இரண்டு பேர்மேலும் ஒரேயளவு பாசம் பொங்கியது.

லலிதா ஷிரின்பாயிடம் திரும்பி, "இவளை நான் அழைத்துக்கொண்டு போகிறேன். இப்போதே" என்றாள்.

ஷிரின்பாய் பார்த்த பெண்

அத்தோடு முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். ஷிரின்பாய் கையைக் காட்டி உட்கார் என்றாள்.

"நீங்கள் அவளைப் பார்த்தாயிற்று. நான் இன்னும் உங்களைப் பார்க்கவில்லையே" என்றாள்.

பார்த்தாள் பாருங்கள்! எந்தப் பிள்ளை வீட்டுக்காரரும் அப்படிப் பார்த்ததில்லை. வேலைக்கு எத்தனை மணிக்குப் போவாய், பகலில் யார் வீட்டில், கோபம் வந்தால் கை நீட்டுவாயா, மழைக்காலத்தில் எங்கே படுக்கவைப்பாய் என்று லலிதாவைக் கேட்டுத் துளைத்தாள். வாரத்துக்கு இரண்டு நாளாவது முட்டை கொடுக்க வேண்டும் என்றாள். இவர் விக்கித்துப்போனார். எங்கள் அடுப்பில் முட்டை ஏறியதில்லை. பின்கட்டில் தனியாக ஒரு ஸ்டவ் வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் மாடி மாமியின் ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"குரைக்கமாட்டாள். உங்களுக்குக் காவலுக்கு வேண்டும் என்றுதானே வந்தீர்கள்?"

"குரைக்கறதுக்கு எங்காத்துல மன்னி இருக்கா" என்று லலிதா தமிழில் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் வேறு எதையோ சொல்லி மழுப்பினாள். சுடலை சிரித்த சிரிப்பில் ஷிரின்பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் முறைத்தேன். மனசுக்குள் எனக்கும் சிரிப்புத்தான்.

கடைசியாக ஷிரின்பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், "டிக்ரா, நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனால்?" டிக்ரா என்றால் அவர்கள் பாஷையில் குழந்தாய் என்று அர்த்தம்.

"நான் எங்கே போனாலும் இவளும் வருவாள். வேண்டாம் என்கிற இடத்துக்கு நான் போகமாட்டேன்."

ஷிரின்பாய் எழுந்து உள்ளே போய் ஒரு சீப்பும், பழைய கம்பளியும், மஞ்சள் மருந்து டப்பாவும் கொண்டுவந்து லலிதாவின் மடியில் வைத்தாள். "சம்மதம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எத்தனை வருஷம் வாசலில் நின்றிருந்தோம்! இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கொய்யா மரத்தைப் பார்த்தார்.

சயான் ரோடு

கேட்டை விட்டு இறங்கும்போது ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. இவர் கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டுக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

நாயை லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேர் மாரியைப் பார்த்ததும் "நஹி சாப்" என்று போய்விட்டார்கள். நடப்பது என்று ஆயிற்று. சுடலையும் தாராவிக்குத் திரும்ப வேண்டியவர், வழித்துணைக்கு வந்தார்.

இரண்டு பக்கமும் சதுப்பு நிலமும் உப்பளமுமாக இருந்த ரோடு அது. கடல்காற்று வந்தது. மாரி கொஞ்ச தூரம் ஒழுங்காக நடந்தாள். அப்புறம் வளைந்த கால் வலித்ததோ என்னவோ, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். லலிதா கொஞ்சினாள், சுடலை அதட்டினார், நான் பையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டினேன். அசையவில்லை.

இவர் குனிந்தார். கோட்டும் அதுவுமாக அந்தக் குண்டு நாயை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டார். அவள் முகத்தை இவர் தோளில் வைத்துக்கொண்டாள். நாலு அடி நடந்ததும் கோட்டெல்லாம் முடி. நடந்தபடியே, முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லலிதா."

"என்னண்ணா?"

"இனிமே உன்னைப் பார்க்கறதுக்குன்னு யாரும் நம்ம ஆத்துக்கு வரவேண்டாம்."

லலிதா நின்றுவிட்டாள்.

"ஏதாவது நல்ல இடம் வந்தா விவரம் சொல்றேன். இஷ்டமிருந்தா நீ போய்ப் பாரு. தனியாப் போகணும்னாலும் சரி, நான் வரணும்னாலும் சரி. பிடிச்சுதுன்னா சொல்லு. பிடிக்கலைன்னா அவன்கிட்டேயே நேரா சொல்லிட்டு வந்துடு."

சுடலை என்னைப் பார்த்து, "அண்ணாச்சி இப்பத்தான் வெவரமாப் பேசுதாவ" என்றார். லலிதா அண்ணன் தோளில் இருந்த நாயின் தலையைத் தடவுகிற சாக்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தோம். சயான் வந்ததும் தோல் பதனிடுகிற வாசனை அடித்தது. சுடலை மாரியின் காதைப் பிடித்து ஆட்டிவிட்டுத் தாராவிப் பக்கம் திரும்பினார். நாங்கள் மூவரும் மாரியும் வீடு வந்து சேர்ந்தோம்.

மாரி கடைசிவரை குரைக்கவே இல்லை. ஆனால் கதவருகே குண்டாகப் படுத்திருப்பாள், அதைப் பார்த்தே வருகிறவன் தயங்குவான். தயிர் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். பிற்பாடு லலிதாவுக்குக் கல்யாணமாகி நாக்பூர் போனபோது, சொன்னபடி மாரியும் ரயிலின் கடைசியில் இருக்கிற கார்டு வேனில் கூடவே போனாள். மாப்பிள்ளை அவளுக்குத் தண்ணீர் வைக்க ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஓடினாராம்.

ஆனால் எனக்குப் பிடித்த நாள் அதற்கும் முந்தியது.

அந்த மழைக்காலம் முடிந்தபோது மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்றின் பிள்ளை பேங்க் வேலையில் பம்பாய்க்கு மாற்றலாகி வந்திருந்தான். லலிதா ஆபீஸ் விட்டு வரும் வழியில், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் அவனைப் பார்க்கத் தனியாகப் போனாள். இவர் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைத்தபிறகு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மாரியைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னாச்சுடி?" என்றேன்.

"என்னை எழுந்து ரெண்டு அடி நடந்து காட்டச் சொன்னான் மன்னி."

"அப்புறம்?"

"எழுந்தேன். நேரா பில்லைக் கட்டிட்டு, எனக்கு உங்களைப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு நடந்து வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவளை அத்தனை அழகாக அதுவரை நான் பார்த்ததில்லை. இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கிவரக் கிளம்பினார்.

ஒரு வரன் தட்டிப்போனதற்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தது அன்றைக்குத்தான்.